நாடகத்துக்கு நடிகர் தேர்வு: கொழும்பில் முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குழு நாடகம் போடும் ஒவ்வொரு முறையும் நடிகர் தேர்வு நாளில் நான் வாசல் மேசையில் இருப்பேன். பெயர் பதிவது, பிரதியைக் கையில் கொடுப்பது, உள்ளே போய் வருகிறவருக்கு எதிரே நின்று மற்றப் பாத்திரத்தை வாசிப்பது எல்லாம் என் வேலை. வருகிறவர்களை ஒரு முழம் தூரத்தில் நின்று பார்க்கக் கிடைக்கிறது. நடிப்பு வராததால் வாய்ப்பை இழந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். எதை முதலில் செய்வது, எதற்குத் தயாராக வருவது என்று தெரியாமல் இழந்தவர்களே அதிகம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கீழே வாசியுங்கள். வேலை முடித்து வந்து, சம்பளமில்லாமல், இரண்டு மூன்று மாதம் ஒத்திகை பார்த்து மேடையேற்றும் குழு இது. நெறியாளர் அன்று தேடுவது அந்த மூன்று மாதமும் தன்னோடு சேர்ந்து வேலை செய்யக்கூடிய ஆளை. மெருகேறிய நடிப்பு ஒத்திகையில் வரும்.

1. அழைப்பு வந்தவுடன் கேட்க வேண்டியவை

அழைப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ ஒரு படமாக வரும். திகதியும் இடமும் இருக்கும், மிச்சம் இருக்காது. ஆகவே ஒரே செய்தியில் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: மேடையேற்றம் எந்த மாதம், ஒத்திகை எந்த நாட்களில், எங்கே? தனியுரை (ஒரு பாத்திரம் மட்டும் பேசும் துண்டு) ஒன்று தயார் செய்து வர வேண்டுமா, அங்கேயே பிரதி தருவீர்களா? நாடகம் எந்தப் பேச்சுவழக்கில்? பாட்டும் ஆட்டமும் உண்டா?

விடைக்குத் தக்கபடி தயாரிப்பே மாறும் என்பதால்தான் இதை முதலில் வைத்தேன். தனியுரை கேட்காத இடத்துக்கு ஒரு கிழமை பாடமாக்கிக்கொண்டு வந்து, கையில் பிரதியைக் கொடுத்ததும் திகைத்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நடிக்கச் சேர்ப்பதற்குக் காசு கேட்டால் போகாதீர்கள். பொது மண்டபம் ஒன்றுமில்லாமல் ஒருவருடைய வீட்டுக்குத் தனியாக வரச் சொன்னாலும் போகாதீர்கள். ஒழுங்கான குழு பலர் இருக்கும் இடத்தில்தான் தேர்வு வைக்கும். கூட ஒருவரை அழைத்து வரலாமா என்று கேட்டால் முகம் சுளிக்காது.

2. நாட்களை எண்ணிப் பாருங்கள், வீட்டில் கதையுங்கள்

நடிப்பைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கொழும்பில் தமிழ்க் குழுக்களின் ஒத்திகை அநேகமாகப் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகும், சனி ஞாயிறிலும், போயா நாட்களிலும் நடக்கும். போயா விடுமுறை ஆகையால் முழுநாள் ஒத்திகைக்கு அதைத்தான் எல்லோரும் பிடிப்பார்கள். ஒரு கொப்பித்தாளில் அந்த மூன்று மாதத்தையும் எழுதி, பரீட்சை, கலியாணம், கோயில் திருவிழா, ஊர்ப்பயணம், நோன்பு என்று முடியாத நாட்களைக் குறியுங்கள்.

அந்தத் தாளை அன்றே கொடுத்துவிடுங்கள். முடியாத நாட்கள் கூடவாக இருந்தால் வாய்ப்புப் போய்விடும் என்று பலர் மறைக்கிறார்கள். எட்டு நாள் வர முடியாது என்று முன்பே சொன்னவரை வைத்து அட்டவணை போடலாம். சொல்லாமல் இருந்துவிட்டு நான்காவது கிழமையில் பரீட்சை என்று நின்றவருக்காக ஒருமுறை நாங்கள் ஒன்பது பேருடைய பின்னேரங்களைத் திரும்ப அடுக்க வேண்டி வந்தது.

வீட்டாரோடும் இப்போதே கதையுங்கள். ஒத்திகை முடிய எட்டரை, ஒன்பது ஆகும். வெள்ளவத்தையில் இருப்பவருக்கு அது பெரிதில்லை. வத்தளைக்கோ மட்டக்குளிக்கோ போக வேண்டிய பிள்ளைக்கு அது பெரிய விடயம். யாரோடு திரும்பி வருவது, எந்த பஸ் என்பதைத் தேர்வுக்கு முன்பே பேசி முடித்தவர்கள் இடையில் விலகுவதில்லை.

3. தனியுரையைத் தேர்ந்தெடுத்தல்

தனியுரை கேட்டிருந்தால் ஒரு நிமிடத்துக்கும் இரண்டு நிமிடத்துக்கும் இடையில் வையுங்கள். முதல் அரை நிமிடத்திலேயே குரல், தெளிவு, கவனம் எல்லாம் தெரிந்துவிடும். நீளம் கூடினால் நீங்கள் களைப்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

சினிமா வசனம் வேண்டாம். அதைப் பேசிய நடிகரின் குரல் எல்லோர் காதிலும் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அவரைப் போலச் செய்ததாகத்தான் படும். தேம்பி அழும் காட்சியும் வேண்டாம். அழுகை அன்று வராவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

எதிரே ஒருவரைப் பார்த்துப் பேசுகிற துண்டாக எடுங்கள். நினைவுகளைத் தனக்குள் சொல்லிக்கொண்டு போகும் துண்டில் நடிப்பதற்குப் பிடி கிடைக்காது. வயதும் உங்களுக்குக் கிட்டவாக இருக்கட்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எண்பது வயதுக் கிழவனாகக் கூனிக்கொண்டு நின்றால், உங்களை எந்தப் பாத்திரத்தில் போடலாம் என்று பார்க்க வழியில்லாமல் போகிறது.

பிரதிக்கு அலைய வேண்டியதில்லை. ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நாடகப் பிரதிகள் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்கும் ஒருக்கால் போய்ப் பாருங்கள். உயர்தரத்தில் ‘நாடகமும் அரங்கியலும்’ படித்தவர் ஒருவர் தெரிந்திருந்தால் அவருடைய அலுமாரியிலும் நாலைந்து பிரதி இருக்கும். துண்டை மட்டும் வெட்டி எடுக்காமல் முழு நாடகத்தையும் வாசியுங்கள். இந்த ஆள் இதற்கு முன் என்ன செய்துவிட்டு வருகிறார் என்று நெறியாளர் கேட்டால் வாயில் விடை இருக்க வேண்டும்.

4. மேடைப்பேச்சுக் குரலைக் கழற்றி வையுங்கள்

எங்கள் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. ஆகையால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ்த்தினப் போட்டி, பேச்சுப்போட்டி, பட்டிமன்றம் என்று வளர்ந்த பிள்ளைகளின் உச்சரிப்பு அழகாக இருக்கும், பயமும் இருக்காது. ஆனால் வாயைத் திறந்தவுடன் குரல் ஒரு படி ஏறிவிடும். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே மெட்டில் எழும்பி ஒரே மெட்டில் விழும். கை தானாக உயரும். பேச்சாளர் ஐந்நூறு பேரைப் பார்த்துப் பேசுகிறார். பாத்திரம் ஒரேயொரு ஆளிடம் பேசுகிறது.

பயிற்சிக்கென்று நான் வைத்திருக்கும் ஒரு துண்டு இது. வீட்டை விட்டுப் போகிற தம்பியிடம் அக்கா சொல்கிறாள்:

“போறதெண்டால் போ. நான் மறிக்கேல்லை. திறப்பை மட்டும் மேசையில வைச்சிட்டுப் போ. அம்மா கேட்டால் நான் என்னவாவது சொல்லுறன்.”

பேச்சுப்போட்டிக் குரலில் வாசித்தால் இரண்டு ‘போ’விலும் இடி விழும். இப்போது மூன்று கேள்வி கேளுங்கள். அக்காவுக்கு என்ன வேண்டும்? தம்பி நிற்க வேண்டும். அதை ஏன் நேரே சொல்லவில்லை? ஏற்கெனவே சொல்லித் தோற்றுவிட்டாள். அப்படியானால் திறப்பை ஏன் கேட்கிறாள்? திறப்பை வைப்பதற்காவது அவன் வாசலில் இருந்து நாலு அடி திரும்பி உள்ளே வர வேண்டும்.

இது பிடிபட்டால் குரல் தானாக மாறும். ‘போ’ வெறும் சொல்லாகிவிடும், பாரமெல்லாம் ‘திறப்பை’ என்பதில் இறங்கும். கண் அவன் முகத்தை விட்டு அவன் கைக்குப் போகும். உங்கள் தனியுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இந்த மூன்று கேள்வியையும் போடுங்கள். பிறகு பக்கத்தில் ஒருவரை இருத்தி, அவரிடம் சாதாரணமாகக் கதைப்பது போலச் சொல்லிப் பாருங்கள். அவர் இடையில் பதில் சொல்ல வாயெடுத்தால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

5. பேச்சுத் தமிழை வாசிக்கப் பழகுங்கள்

நாங்கள் பேசுவது ஒன்று, வாசிப்பது இன்னொன்று. ‘மறிக்கவில்லை’ என்று வாசித்துப் பழகிய கண் ‘மறிக்கேல்லை’ என்ற எழுத்தில் தட்டுப்படும். வாய்க்கு நன்றாகத் தெரிந்த சொல், தாளில் கண்டவுடன் அந்நியமாகிவிடுகிறது. அங்கேயே தரும் பிரதியில் அநேகம் பேர் திக்குவது இதனால்தான். ஒரு கிழமைக்கு நாளொன்றுக்கு இரண்டு பக்கம் பேச்சுவழக்கு நாடகப் பிரதியைச் சத்தமாக வாசியுங்கள். மௌனமாக வாசித்தால் பயனில்லை. பழக வேண்டியது கண்ணும் நாக்கும் சேர்ந்து.

ஆங்கில மொழிமூலம் படித்ததால் தமிழ் வாசிப்பு மெதுவாக வருகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் நாளே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி, பிரதியை முன்கூட்டியே கேளுங்கள். நாங்கள் கொடுத்திருக்கிறோம். சொல்லாமல் வந்து எழுத்துக்கூட்டினால், நடிக்கத் தெரியாதவர் என்று தவறாக நினைக்க இடமாகிறது.

வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நகரத்தில் ‘வாறியள்’ என்பவரும், ‘என்னகா’ என்பவரும், ‘வாங்க’ என்பவரும், வாப்பா உம்மா என்று வீட்டில் அழைப்பவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். நாடகம் யாழ்ப்பாண வழக்கில் இருந்து, உங்கள் வீட்டு வழக்கு வேறானால், தேர்வில் உங்கள் வழக்கிலேயே சொல்லலாமா என்று கேளுங்கள். அரைகுறையாகப் போலி செய்வதை விட அது நல்லது. தொலைக்காட்சித் தொடர்களின் சென்னைத் தமிழுக்கு வழுக்கிப் போகாதீர்கள். மலையகத் தமிழையோ முஸ்லிம்களின் தமிழையோ சிரிப்புக் குரலில் செய்து காட்டாதீர்கள். அது அந்த மக்களை நோகடிக்கும். எங்கள் மேசையில் அப்படிச் செய்தவர் எவரையும் நாங்கள் சேர்த்துக்கொண்டதில்லை.

6. குரல்

ஒரு கிழமை முன்பிருந்தே காலையில் பத்து நிமிடம் போதும். வாய் மூடி முனகல், உதடுகளை அதிரவிடுதல், பிறகு நாக்குப் பிறழ் வாக்கியங்கள். ‘யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை’ தகரத்துக்கு. ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்தான்’ ழகரத்துக்கு. முதலில் மெதுவாக, தெளிவு குலையாமல், பிறகு வேகமாக.

வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று அலைக்கு மேலால் கத்திப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். தொண்டை கட்டுவதுதான் மிச்சம். குரல் தூரம் போவது வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கைவிடாததால். தமிழில் வினை கடைசியில் வருகிறது. மூச்சு முடிந்து அதை விழுங்கினால் போனானா, போகவில்லையா என்றே கேட்பவருக்குத் தெரியாது. வீட்டில் மின்விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டு, அறையின் மறுமூலையில் ஒருவரை இருத்திச் சொல்லிப் பாருங்கள். தேர்வு மண்டபத்திலும் விசிறி சுற்றும், சன்னல் திறந்திருக்கும், காலி வீதி இரைச்சல் உள்ளே வரும்.

7. அன்றைய நாள்

குனிந்து, இருந்து, நிலத்தில் படுத்து எழும்பக்கூடிய உடுப்பு. சேலையும் இறுக்கமான ஜீன்சும் வேண்டாம். சத்தமிடும் வளையலும் கொலுசும் வேண்டாம். தண்ணீர்ப் போத்தல், பென்சில், நாட்கள் எழுதிய தாள். சோற்றுப் பார்சலை இரண்டு மணித்தியாலம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். நிறைந்த வயிற்றோடு மூச்சு இறங்காது.

அரை மணித்தியாலம் முன்பு போய்ச் சேருங்கள். சனிக்கிழமைப் பின்னேரம் காலி வீதியில் 100, 101 பஸ்களை நம்பி நேரம் கணக்குப் போட்டால் பிழையாகும். கரையோரத்தில் இருந்து வருகிறவர்கள் கோச்சியில் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ இறங்கலாம்.

8. பிரதி கையில் கிடைத்ததும்

அநேகமாக ஐந்து பத்து நிமிடம் தருவார்கள். உங்கள் வரிகளுக்குக் கீழே கோடு போடுவதில் அதைச் செலவழிக்காதீர்கள். முதலில் இரண்டு பேருடைய பேச்சையும் முழுதாக வாசியுங்கள். பிறகு காட்சியில் எந்த இடத்தில் நிலைமை மாறுகிறது என்று பாருங்கள். ஒருவர் ஒன்றை அறிந்துகொள்கிற இடம், ஒருவர் பொய் சொல்லத் தொடங்குகிற இடம். அங்கே பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்கு முன்னும் பின்னும் நீங்கள் வேறுவேறாக இருக்க வேண்டும். அவ்வளவு முடிவெடுத்தால் போதும். பாடமாக்கப் பார்க்காதீர்கள். தெரியாத சொல்லின் பொருளை வெளியிலேயே கேளுங்கள்.

உள்ளே போனதும் பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், முன்பு மேடை ஏறியதுண்டா என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். “தொண்டை சரியில்லை, நேரமும் கிடைக்கேல்லை, பிழைச்சால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று தொடங்காதீர்கள். அது கேட்பவரைப் பிழை தேட வைக்கிறது.

தாளை நெஞ்சளவில், ஒரு கையில், பெருவிரல் வரியில் இருக்கப் பிடியுங்கள். முகத்துக்கு நேரே பிடித்தால் கண் மறைந்துவிடும். கண்ணால் அரை வரியை அள்ளி, நிமிர்ந்து எதிரே நிற்பவரிடம் சொல்லுங்கள். அவர் பேசும்போது தாளைப் பார்க்காதீர்கள். கடினம்தான், ஆனால் நீங்கள் கேட்பது தெரிவதே அந்த நேரத்தில்தான். எதிரே நின்று வாசித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் சொன்னதைக் கேட்டுப் பதில் சொன்னவர்களின் முகம் எனக்கு வருடக்கணக்கில் மறப்பதில்லை.

ஒரு சொல் பிழைத்தால் திரும்பிப் போகாதீர்கள், தொடர்ந்து போங்கள். மேடையிலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

9. “ஒருக்கா மாற்றிச் செய்யுங்கோ”

பெரும்பாலான பாத்திரங்கள் தீர்மானமாவது இந்த இடத்தில். முதல் வாசிப்பு முடிந்ததும் நெறியாளர் ஏதாவது ஒன்றை மாற்றச் சொல்வார். முதலாவது பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. பிடிக்காதவரை அவர் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். நீங்கள் சொன்னதை எடுக்கிறவரா என்று பார்க்கிறார்.

இங்கே நடக்கும் பிழைகள் அநேகமாக மூன்று. முதலாவது, முன்பு செய்ததையே இன்னும் சத்தமாகச் செய்வது. இரண்டாவது, முதலில் ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்குவது. மூன்றாவதுதான் அதிகம் காண்பது: வசனம் முடியுமுன்பே “ஓம் ஓம், விளங்குது” என்று தலையாட்டிவிட்டுத் தொடங்குவது. தலையாட்டிய வேகத்திலேயே தெரிந்துவிடும், விளங்கவில்லை என்று.

நாலைந்து வருடத்துக்கு முன் அந்தத் திறப்புத் துண்டையே தேர்வுக்குக் கொடுத்திருந்தோம். குரல் வளமுள்ள ஒருவர் வந்து மண்டபம் அதிரச் சொன்னார். மாற்றச் சொன்னோம், அதிர்ந்தது. இன்னொருக்கால் மாற்றச் சொன்னோம், அப்போதும் அதிர்ந்தது.

அடுத்து வந்தது வங்கியொன்றில் வேலை செய்யும் ஒரு பிள்ளை. தாள் நடுங்கியது, குரல் பாதி வழியில் நின்றது. முடிந்ததும் நெறியாளர் சொன்னார்: “தங்கச்சி, இன்னொருக்கால் செய்யுங்கோ. இந்த முறை அம்மா பக்கத்து அறையில நித்திரை.”

அவள் உடனே தொடங்கவில்லை. தாளைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்: “அண்ணா, அம்மா எழும்பிடுவா எண்டு அக்காவுக்குப் பயமோ? இல்லாட்டி எழும்பினால் நல்லம் எண்டு நினைக்கிறாவோ?”

நெறியாளர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். “நீங்களே முடிவெடுங்கோ” என்றார்.

முதல் இரண்டு வாக்கியத்தையும் கிட்டத்தட்டக் குசுகுசுத்தாள். ‘திறப்பை மட்டும்’ என்ற இடத்தில் குரல் ஒரு பிடி உயர்ந்தது. அங்கே இல்லாத ஓர் அறைக்கதவை ஒரு கணம் பார்த்தாள். எதிரே தம்பியாக வாசித்துக்கொண்டிருந்த நானும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். பாத்திரம் அவளுக்குத்தான் போனது. குரலை ஒத்திகையில் இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொண்டோம்.

ஆகவே வரிசை இதுதான். சொல்வதை முழுதாகக் கேளுங்கள். ஒரு மூச்சு எடுங்கள். தெளிவில்லாவிட்டால் ஒரேயொரு கேள்வி கேளுங்கள், அதுவும் பாத்திரத்தைப் பற்றிய கேள்வி. “சத்தமாவோ மெதுவாவோ செய்யிறது?” என்பது உங்கள் வேலையை அவரிடம் கொடுப்பது. பிறகு ஒன்றை மட்டும் துணிந்து மாற்றுங்கள். பாதி மாற்றினால் அவருக்குத் தெரியாது. மாற்றம் பிழையாகப் போனாலும் பரவாயில்லை, மாறக்கூடியவர் என்பது தெரிந்துவிட்டது.

10. கூத்து, பாட்டு இருந்தால்

கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஒரு வரி பாடுவார், நீங்கள் திரும்பப் பாட வேண்டும். மத்தளத்துக்கு நாலு தாளக்கட்டு ஆடச் சொல்வார். அழகை விடத் தாளத்தைத்தான் முதலில் பார்ப்பார். கூத்தின் இரண்டு பாணிகளான வடமோடியோ தென்மோடியோ தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர் காலைப் பாருங்கள். சினிமா நடனம் பழகியவர்கள் தோளிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். கூத்துக்கு நிலத்தில் பாதம் விழுவதிலிருந்துதான் தொடக்கம்.

11. முடிந்த பிறகு

நன்றி சொல்லி வெளியே வாருங்கள். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். இன்னும் இருபது பேரைப் பார்க்க இருக்கும்போது அவர்களால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. எப்போது அறிவிப்பீர்கள் என்று கேட்பது சரி. அந்தத் திகதி கடந்து இரண்டு நாள் போன பின் ஒரு செய்தி அனுப்பலாம்.

இரண்டாம் சுற்றுக்கு அழைத்தால் அதே உடுப்பில் போங்கள். ஐம்பது முகத்துக்குள் உங்களை நினைவுபடுத்த அது உதவும். முதல் நாளில் செய்த அந்த மாற்றத்தையும் கையில் வைத்திருங்கள். அதைத்தான் திரும்பக் கேட்பார்கள்.

சிறிய பாத்திரம் தந்தால், ஒப்புக்கொள்வதோ மறுப்பதோ அன்றே சொல்லுங்கள். மறுப்பது குற்றமில்லை. ஓமென்று சொல்லிவிட்டு ஒத்திகைக்கு வராமல் இருப்பதுதான் குழுவை உடைக்கும்.

பாத்திரம் கிடைக்காமல் போனால், அந்த நாடகத்தில் வேறு வேலை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒத்திகையில் பிரதியைப் பிடித்துக்கொண்டு வசனம் எடுத்துக் கொடுக்க எப்போதும் ஆள் தேவை. அந்தக் கதிரையில் இருந்தவருக்கு முழு நாடகமும் பாடமாகிவிடும். நடிகர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நெறியாளர் முதலில் திரும்பிப் பார்ப்பது அந்தக் கதிரையைத்தான்.